புலிக்குட்டிகளை வளர்த்தெடுத்தல்: உயிரியல் பூங்காவில் புதிதாகப் பணியேற்போருக்கு ஒரு வழிகாட்டி

புலிப் பிரிவில் புதிதாகச் சேரும் விலங்குக் காப்பாளருக்கும் பயிற்சிக்கு வரும் கால்நடை மருத்துவ மாணவருக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். குட்டியைக் கையில் எடுத்துப் பால் புகட்டும் நாள் வராமலே போனால், பணி நன்றாக நடந்திருக்கிறது என்று பொருள். பால்புட்டியும் மடியில் உறங்கும் குட்டியும் நாளிதழ்ப் படத்துக்கு அழகாக இருக்கலாம். ஆனால் இனப்பெருக்கத் திட்டத்தின் கணக்கில் அது பெரும்பாலும் ஏதோ ஒன்று தவறிப்போனதன் அடையாளம். தாய்ப்புலி தன் குட்டியைத் தானே வளர்க்க ஏற்ற சூழலை அமைப்பதும், அது நடக்கிறதா என்று தொலைவிலிருந்து பார்ப்பதும், பார்த்ததை எழுதிவைப்பதுமே நம் வேலையின் பெரும்பகுதி. இக்கட்டுரை இந்தியப் பூங்காக்களில் உள்ள வங்கப் புலியை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. சுமத்திராப் புலிக்கும் அமூர்ப் புலிக்கும் அடிப்படை முறைகள் இவையேதான்.

இணை சேர்ப்பதற்கு முன்னால்

குட்டி வளர்ப்பு, குட்டி பிறப்பதற்கு ஓராண்டுக்கு முன்பே காகிதத்தில் தொடங்குகிறது. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்ப்பது என்பதைக் காப்பாளரோ தனியொரு பூங்காவோ விருப்பம்போல் முடிவு செய்வதில்லை. ஒவ்வொரு புலியின் தாய், தந்தை, பிறந்த நாள், இடமாற்றம், இறப்பு ஆகியவற்றைத் தாங்கிய வம்சாவளிப் பதிவேட்டைப் பார்த்து, மற்ற புலிகளோடு மிகக் குறைந்த உறவு கொண்டவை எவை என்று கணக்கிட்டே இணை தேர்ந்தெடுக்கப்படுகிறது. புலிகளுக்கான பன்னாட்டுப் பதிவேடு 1970களிலிருந்து ஜெர்மனியின் லைப்சிக் உயிரியல் பூங்காவில் பேணப்பட்டு வருகிறது. இந்தியாவில் 1992இல் நிறுவப்பட்ட மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் இப்பணியை மேற்பார்வை செய்கிறது. புலி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் முதல் அட்டவணையில் இருப்பதால், ஒரு பூங்காவிலிருந்து இன்னொன்றுக்குப் புலியை மாற்றவும் அந்த ஆணையத்தின் ஒப்புதல் தேவை.

பதிவேட்டுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று கேட்பவர்கள் வெள்ளைப் புலிகளின் கதையைப் படித்துப் பார்க்கலாம். 1951இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் ரேவா வனப்பகுதியில் பிடிக்கப்பட்ட மோகன் என்ற ஒரே ஆண் புலியிலிருந்தே இன்றைய வெள்ளைப் புலிகளில் மிகப் பெரும்பாலானவை வந்தன. அந்த நிறத்தை மீண்டும் பெறுவதற்காக மோகன் தன் மகளோடேயே இணைசேர்க்கப்பட்டது. நிறம் கிடைத்தது. கூடவே மாறுகண் முதலான குறைகளும் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தன. வெள்ளைப் புலி தனி இனமும் அன்று, தனி உள்ளினமும் அன்று. வங்கப் புலியின் நிறமி மரபணு ஒன்றில் நேர்ந்த மாற்றம் மட்டுமே. பார்வையாளர் கூட்டத்தைச் சேர்க்க அது உதவும், புலியினத்தைக் காக்க உதவாது என்பதே என் கருத்து. இதைச் சொல்லி நான் பலரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அடுத்த கேள்வி இடம். ஓர் ஈற்றில் பொதுவாக 2 முதல் 4 குட்டிகள் வரை பிறக்கும். அடைப்பில் வாழும் புலி 18 ஆண்டுகள்கூட உயிரோடு இருக்கலாம். பிறக்கப்போகும் குட்டிகள் இரண்டு வயதில் எந்த அடைப்புக்குப் போகும் என்பதற்கு விடை இல்லையென்றால் அந்த ஆண்டு இணை சேர்க்கக் கூடாது. உலகம் முழுவதும் காட்டில் வாழும் புலிகள் 3,726 முதல் 5,578 வரை இருக்கலாம் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் 2022 மதிப்பீடு சொல்கிறது. இந்தியாவின் 2022 கணக்கெடுப்பு குறைந்தது 3,167 என்றது. இவ்வளவு சிறிய எண்ணிக்கைக்குக் காப்பாக அடைப்பில் வைத்திருக்கும் கூட்டம் மரபணு வளமுள்ளதாக இருக்க வேண்டும். வெறுமனே பெருத்துக்கொண்டே போவதால் பயனில்லை.

இணை சேர்த்தல்

பெண் புலி மூன்று நான்கு வயதிலும் ஆண் அதற்குச் சற்றுப் பிந்தியும் இனப்பெருக்கத்துக்குத் தயாராகின்றன. இரண்டையும் முதலில் அடுத்தடுத்த கூண்டுகளில், கம்பி வலைக்கு இருபுறமும் வாரக்கணக்கில் பழகவிட வேண்டும். பெண் சினைப்பருவத்துக்கு வரும்போது தரையில் புரளும், கம்பியில் உடலைத் தேய்க்கும், அடிக்கடி குரல் கொடுக்கும், வலைக்கு அப்பால் இருக்கும் ஆணைப் பார்த்து மூக்கால் ‘புஃப், புஃப்’ என்று காற்றை விடும். இந்தக் கடைசி ஒலி நட்பின் ஒலி. அதை உறுமலிலிருந்து பிரித்தறியப் பழகுவது புதியவரின் முதல் பாடம். வலையின் இருபுறமும் அந்த ஒலி கேட்காத வரை நடுக்கதவைத் திறப்பதில்லை.

பருவம் ஏறத்தாழ ஐந்து நாள் நீடிக்கும். புலியில் கருமுட்டை வெளிப்படுவதைத் தூண்டுவதே புணர்ச்சிதான். எனவே நாளொன்றுக்குப் பல முறை இணைவது இயல்பு. புதியவர்கள் அதைக் கண்டு கலவரப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் முடிவில் பெண் திரும்பி அறைவதும் இயல்பே. ஆனால் அறைதல் சண்டையாக மாறினால் ஓர் உயிர் போய்விடக்கூடும். ஆகவே அழுத்தமாகத் தண்ணீர் பாய்ச்சும் குழாயும், தள்ளுகதவருகே ஓர் ஆளும், மயக்க ஊசித் துப்பாக்கியோடு மருத்துவரும் தயாராக இருக்கும்போது மட்டுமே சேர்க்க வேண்டும். முதல் இணைதல் நடந்த நாளையும் கடைசி நாளையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். பின்வரும் கணக்கு முழுவதும் இந்த இரண்டு தேதிகளைத்தான் சார்ந்திருக்கிறது. பருவம் முடிந்ததும் ஆணைப் பிரித்துவிட வேண்டும்.

சினைக்காலத்தில் செய்ய வேண்டியவை

சினைக்காலம் 93 முதல் 112 நாள் வரை. சராசரியாக 103 நாள் அளவில் வைத்துக்கொள்ளலாம். வயிறு வெளியே தெரியத் தொடங்குவது மிகவும் பிந்தித்தான். சில சமயம் வெறும் பொய்ச்சினையும் உண்டு. மலத்தில் இருக்கும் இயக்குநீர் (ஹார்மோன்) சிதைபொருள்களை அளந்து இரண்டையும் பிரித்தறிய முடியும். ஹைதராபாத்தில் உள்ள லாக்கோன்ஸ் ஆய்வுக்கூடம் போன்ற இடங்களில் இந்தியக் காட்டுவிலங்குகளுக்கு இவ்வகை ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆய்வு வசதி இல்லாவிட்டால், சினை என்றே எண்ணிக்கொண்டு ஏற்பாடுகளைச் செய்துவிடுவது நல்லது. பொய்ச்சினையாக இருந்தால் வைக்கோல்தான் வீண்.

பல பூங்காக்களில் வாரம் ஒரு நாள் ஊனுண்ணிகளுக்கு இரை வைக்காத வழக்கம் உண்டு. சினைப்புலிக்கும் பாலூட்டும் புலிக்கும் அந்தப் பட்டினி நாள் கிடையாது. குடற்புழு நீக்கத்தை மருத்துவர் சொல்லும் மருந்தால் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும், ஏனென்றால் சிலவகை உருண்டைப் புழுக்கள் தாய்ப்பால் வழியாகவே குட்டிக்குப் போய்விடும். தடுப்பூசி பாக்கி இருந்தால் அதை இணை சேர்ப்பதற்கு முன்பே போட்டிருக்க வேண்டும்; சினைக்காலம் அதற்கு ஏற்ற நேரமன்று.

ஈற்றறையை எதிர்பார்க்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்னதாகவே திறந்துவிட்டு, தாய் அதில் போய்வந்து பழகும்படி செய்யுங்கள். அறை இருட்டாகவும், புலி கால் நீட்டிப் படுத்துத் திரும்பப் போதுமானதாகவும், அதற்கு மேல் விசாலமில்லாமலும் இருக்க வேண்டும். மிகப் பெரிய அறையில் குட்டிகள் சிதறிக் குளிர்ந்துபோகும். சிமெண்டுத் தரைமேல் மரப்பலகை மேடை, அதன்மேல் உலர்ந்த சுத்தமான வைக்கோல், வாசலில் குட்டி உருண்டு வெளியே விழாதபடி ஒரு சாண் உயரத்துக்கு ஒரு குறுக்குக்கட்டை ஆகியவை போதும். ஓரிடத்தில் மனம் ஒப்பாவிட்டால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு இன்னோரிடம் தேடும் என்பதால், அடுத்த கூண்டிலும் இதேபோல ஒன்றை அமைத்து வைப்பது அவசியம். இருட்டிலும் படம் தரும் கண்காணிப்புக் கேமராவை இப்போதே பொருத்தி, அதன் கம்பிகளைப் புலியின் வாய்க்கு எட்டாமல் மறைத்துவிட வேண்டும். ஈன்ற பிறகு ஆணி அடிப்பதற்கு யாரையும் உள்ளே விட முடியாது.

சத்தத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். ஈற்று நாள் தீபாவளியை ஒட்டியோ அருகிலுள்ள கோவில் திருவிழாவை ஒட்டியோ வந்தால், சுற்றுப்புறத்தாரிடம் முன்கூட்டியே பேசிவைப்பதும், பார்வையாளர் பாதையை அந்தப் பக்கம் அடைத்துவிடுவதும் மருந்தைவிட முக்கியமானவை. கட்டட வேலை, ஜெனரேட்டர், புதுப் பெயிண்ட் வாடை எதுவும் அப்போது கூடாது. கடைசி இரண்டு வாரமும் பிறகும் தாய்க்குப் பழகிய ஒரே காப்பாளர், அதே நேரத்தில், அதே காலணியோடு, அதே குரலில் வந்துபோக வேண்டும். விடுப்பில் போனால் வருவதற்கு இன்னொருவரையும் முதலிலேயே பழக்கிவைக்க வேண்டும்.

ஈன்ற நாளும் முதல் 72 மணி நேரமும்

நாள் நெருங்குகையில் மடி பருத்துக் காம்புகள் தெரியும். ஓரிரு நாளுக்கு முன் தாய் இரையைத் தொடாமல் விடலாம். முதல் குட்டிக்கும் கடைசிக் குட்டிக்கும் இடையே பல மணி நேரம் ஆவதுண்டு. பிறந்த குட்டியின் கண் மூடியிருக்கும். எடை ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடவோ குறையவோ இருக்கும். தாய் உறையைக் கிழித்து, நச்சுக்கொடியைத் தின்று, குட்டியை நக்கி உலர்த்தும். அந்த நக்கல் துடைப்பது மட்டுமன்று. குட்டியின் மூச்சையும் இரத்த ஓட்டத்தையும் அதுவே தூண்டுகிறது, பின்னர் சிறுநீரும் மலமும் கழிய வைப்பதும் அதுவே.

இந்த 72 மணி நேரத்தில் யாரும் உள்ளே போவதில்லை, அறையைக் கழுவுவதில்லை, எட்டிப் பார்ப்பதில்லை. தண்ணீரும் சிறிது இறைச்சியும் தள்ளுகதவு வழியாக வைத்துவிட்டு விலகிவிட வேண்டும். கேமராத் திரையின் முன் உட்கார்ந்திருப்பவர், ஒவ்வொரு குட்டியும் எப்போது காம்பைப் பிடித்தது, எவ்வளவு நேரம் குடித்தது, எப்போது உறங்கியது, தாய் எத்தனை முறை எழுந்தது என்பவற்றை நேரத்தோடு எழுத வேண்டும். முதல் நாளில் கிடைக்கும் சீம்பால்தான் குட்டிக்கு நோயெதிர்ப்பாற்றலைத் தருகிறது. ஆகவே ஒவ்வொரு குட்டியும் குடித்ததா என்பதே அன்று விடை தேட வேண்டிய ஒரே கேள்வி.

எல்லாம் சரியாக இருந்தால் திரையில் பார்க்க ஒன்றுமே இருக்காது. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து உறங்கும், தாய் அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். நான் பணியில் சேர்ந்த புதிதில் இந்த அமைதியைக் கண்டு பயந்துபோனேன். குட்டிகள் இறந்துவிட்டனவோ என்று ஐயுற்று, யாரிடமும் சொல்லாமல் நடைபாதைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். தாய் உடனே எழுந்து ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு கூண்டெங்கும் நடக்கத் தொடங்கியது. நான்கு மணி நேரம் அதைக் கீழே வைக்கவில்லை. நல்லவேளையாகக் குட்டி பிழைத்தது. அன்று மூத்த காப்பாளர் என்னைத் திட்டவில்லை, கதவுச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. ஒரு குட்டி மட்டும் கூட்டத்தைவிட்டு விலகிக் கிடப்பது, ஓயாத கத்தல், பிறகு அந்தக் கத்தல் மெலிந்து நிற்பது, பால் குடிக்காமல் பல மணி நேரம் கழிவது, தாய் குட்டியைக் கவ்வியபடி நிற்காமல் நடப்பது, வாலையோ காலையோ புண்ணாகும்வரை நக்குவது, குட்டிகளை விட்டு வேறு கூண்டில் போய்ப் படுத்துக்கொள்வது போன்றவற்றைக் கண்டால் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். இறுதி முடிவு அவருடையதும் பூங்கா இயக்குநருடையதும். தலைச்சன் ஈற்றில் இவ்வாறு குழம்பும் தாய், அடுத்த ஈற்றில் தேர்ந்த தாயாக மாறுவது அடிக்கடி காண்பதே. ஒருமுறை தவறியதற்காக அதன் கோப்பில் ‘குட்டி வளர்க்காது’ என்று எழுதிவிடக் கூடாது.

கையால் வளர்க்க நேர்ந்தால்

குட்டியை எடுத்தாயிற்று என்றால் முதலில் செய்ய வேண்டியது பால் புகட்டுவது அன்று, சூடேற்றுவது. உடல் சில்லிட்ட குட்டியின் குடல் இயங்காது. அதற்குப் பால் கொடுத்தால் வயிற்றிலேயே தங்கி நொதிக்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். துணியில் சுற்றிய வெந்நீர்ப் புட்டிகளாலோ இன்குபேட்டராலோ மெதுவாகச் சூடேற்றி, உடல் கதகதப்பான பிறகே வாயில் எதையும் வைக்க வேண்டும். முதல் வாரத்தில் பெட்டிக்குள் 29 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்கலாம். பிறகு வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். வெளிநாட்டுக் கையேடுகள் எல்லாம் குளிரைப் பற்றியே எச்சரிக்கும். சித்திரை மாதச் சென்னையில் நிலைமை தலைகீழ். மின்விளக்கை ஏற்றிவைத்துவிட்டு மறந்தால் குட்டி வாய்பிளந்து மூச்சிரைக்கும். எனவே பெட்டியின் ஒரு பாதி சூடாகவும் மறுபாதி அவ்வளவு சூடில்லாமலும் இருந்தால், குட்டி தனக்கு வேண்டிய பக்கம் ஊர்ந்துகொள்ளும்.

சீம்பால் கிடைக்காத குட்டிக்கு, நோயற்ற வளர்ந்த புலியின் இரத்தத்திலிருந்து பிரித்த ஊநீரை (சீரம்) மருத்துவர் தோலுக்கடியில் செலுத்துவதுண்டு. இதற்காகவே சில பூங்காக்கள் அதை முன்கூட்டியே உறைய வைத்துச் சேமிக்கின்றன.

பாலைப் பொறுத்தவரை, பசும்பால் ஆகாது. புலிப்பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட மிகுதி, பால்சர்க்கரை குறைவு. பசும்பால் குடித்த குட்டிக்குக் கழிச்சல் வந்து, ஒரே நாளில் நீர்ச்சத்து வற்றிவிடும். ஆட்டுப்பால் கொடுத்து வளர்த்த காலம் நம் பூங்காக்களில் உண்டு. செரிமானத்துக்கு அது பரவாயில்லை என்றாலும், அது மட்டுமே புலிக்குட்டியின் தேவைக்குப் போதாது. பூனைக்குட்டிகளுக்காகத் தயாரிக்கப்படும் பால்மாவே இன்று பரவலாகப் பயன்படுகிறது. அமினோ அமிலங்கள் குறைந்த பாலால் வளர்ந்த குட்டிகளுக்குக் கண்புரை வந்ததாகப் பதிவுகள் உள்ளன. ஆகவே டாரின் முதலானவற்றை எவ்வளவு சேர்ப்பது என்பதை மருத்துவரே எழுதித் தர வேண்டும். முதல் முறை வெறும் உப்பு-சர்க்கரை நீர்மம், அடுத்து நீர்த்த பால், ஓரிரு நாளில் முழுச் செறிவு என்று படிப்படியாகப் போக வேண்டும்.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு நாளைக்கு உடல் எடையில் 15 முதல் 20 சதவீதம். ஒரு வேளைக்கு 5 சதவீதத்துக்கு மேல் கூடாது. 1,200 கிராம் குட்டிக்கு 20 சதவீதம் என்றால் நாளொன்றுக்கு 240 மில்லி. மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை எட்டு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 30 மில்லி. குட்டி இன்னும் கேட்டுக் கத்தும். அரைவயிற்றோடு விடுவது மனத்துக்குக் கஷ்டமாக இருந்தாலும், அதிகமாகப் புகட்டி வரும் கழிச்சலே பசியைவிடக் குட்டிகளுக்குக் கேடானது.

புகட்டும் விதத்தில்தான் புதியவர்கள் தவறு செய்கிறார்கள். மனிதக் குழந்தையைப் போல மல்லாத்திப் பிடிக்கக் கூடாது. குட்டி குப்புறப் படுத்து, முன்னங்கால்களால் சுருட்டிய துணியைப் பிசைந்தபடி, தலை சற்றே உயர்ந்த நிலையில் குடிக்க வேண்டும். தாயின் மடியில் அது அப்படித்தான் கிடக்கும். புட்டியைக் கவிழ்த்தால் காம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழ வேண்டும். ஒழுகினால் துளை பெரிது. புட்டியை அழுத்திப் பீய்ச்சக் கூடாது. மூக்கில் பால் வந்தால் உடனே நிறுத்தித் தலையைத் தாழ்த்த வேண்டும். அப்படிப் புரையேறிய குட்டிக்குச் சில நாளில் நுரையீரல் அழற்சி வரக்கூடும் என்பதால், அதை மறைக்காமல் பதிவேட்டில் எழுதி மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். பாலின் சூடு 38 டிகிரி அளவில், மணிக்கட்டில் விட்டுப் பார்த்தால் இதமாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வேளைக்குப் பின்பும் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் வயிற்றையும் ஆசனவாய்ப் பகுதியையும் மெதுவாக வருடிவிட வேண்டும். இல்லையென்றால் முதல் சில வாரங்களில் குட்டியால் தானாகக் கழிக்க முடியாது. மலத்தின் நிறம், இறுக்கம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். தினமும் ஒரே நேரத்தில், முதல் வேளைப் பாலுக்கு முன், ஒரே தராசில் எடை பார்க்க வேண்டும். நாளுக்கு ஏறத்தாழ 100 கிராம் கூடினால் மகிழலாம். ஒரு நாள் முழுவதும் கூடவில்லையென்றால் எச்சரிக்கை, குறைந்தால் அவசரம். கண்கள் ஆறாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையே திறக்கும்.

இந்த வாரங்களில் இரண்டு மூன்று பேர் மட்டும், தனி உடை, தனிக் காலணி, கையுறையோடு குட்டியைத் தொட வேண்டும். விருந்தினருக்குக் காட்டுவதும் செல்ஃபி எடுப்பதும் கண்டிப்பாகக் கூடாது. பெயர் சூட்டுவதற்கும் அவசரம் வேண்டாம். வண்டலூரில் பிறந்த குட்டிகளுக்கு முதலமைச்சரே பெயர் சூட்டிய நிகழ்வுகள் உண்டு. அந்த நாள் வரும்வரை பதிவேட்டு எண் போதும்.

செவிலித்தாயும் துணைக்குட்டியும்

கையால் வளர்த்த குட்டி உயிரோடு இருந்தாலும், தனியாக வளர்ந்தால் புலியோடு பழகத் தெரியாத புலியாகிவிடும் என்பதே பெரிய இடர். 2017 ஜூலையில் பிலடெல்பியா உயிரியல் பூங்காவில் பிறந்த ஐந்து அமூர்க் குட்டிகளில் ஒன்றே பிழைத்தது; தாயும் அதை ஏற்கவில்லை. அதற்கு ஒரு நாள் முன்புதான் ஓக்லஹோமா நகரப் பூங்காவில் லோலா என்ற சுமத்திராப் புலி மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. ஸோயா என்று பெயரிடப்பட்ட அந்த அமூர்க் குட்டியை அங்கே கொண்டுபோய், லோலாவின் குட்டிகளின் வாடை படியும்படி அவற்றோடு சேர்த்து வைத்தார்கள். லோலா நான்கையும் தன்னுடையதாகவே எடுத்துக்கொண்டது. உள்ளினம் வேறு என்பது இனப்பெருக்கத் திட்டத்துக்குத்தான் தடை, பாலூட்டலுக்கு அன்று.

அதே ஆண்டில் வாஷிங்டன் தேசிய உயிரியல் பூங்காவில் தாயால் கைவிடப்பட்ட சுமத்திராக் குட்டி ஒன்று சான் டியகோவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. மெக்சிகோ எல்லையில் ஒரு காரிலிருந்து பறிமுதல் செய்யப்பட்ட வங்கப் புலிக்குட்டி அங்கே ஏற்கெனவே இருந்தது. இரண்டும் சேர்ந்து வளர்ந்தன. கடிக்கும் வலிமைக்கு எல்லை வகுப்பதை மனிதன் கற்றுத்தர முடியாது. எதிர்க்குட்டி திருப்பிக் கடித்தால்தான் அது தெரியவரும். ஆகவே ஒரு குட்டியைக் கையில் எடுக்க நேர்ந்த அன்றே, வேறெங்கு அதன் வயதில் குட்டி இருக்கிறது என்று மற்றப் பூங்காக்களைக் கேட்கத் தொடங்க வேண்டும்.

இறைச்சியும் தடுப்பூசியும்

தாய் இரைக்காகத் தானாகவே அடுத்த கூண்டுக்கு வரும் நேரத்தில், தள்ளுகதவை மூடிக்கொண்டு குட்டிகளின் முதல் பரிசோதனையைச் செய்யலாம். மூன்று வாரத்துக்கு முன் பொதுவாக வேண்டாம். கையுறையை அறையின் வைக்கோலில் தேய்த்துக்கொண்டு, பாலினம், தொப்புள், அண்ணம், எடை ஆகியவற்றைப் பத்து நிமிடத்துக்குள் பார்த்து முடித்துவிட வேண்டும்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் குட்டிகள் தாயின் இறைச்சியை நக்கத் தொடங்கும். கையால் வளர்ப்பவை என்றால் கொத்திய இறைச்சியைப் பாலில் குழைத்துத் தரலாம். எலும்பில்லா இறைச்சியில் பாஸ்பரஸ் ஏராளமாகவும் சுண்ணாம்புச் சத்து மிகச் சொற்பமாகவும் இருக்கும். அதை மட்டுமே தின்று வளரும் குட்டியின் எலும்பு மென்மையாகி, கால் வளைந்து, குதித்தாலே முறியும். சதைப்பற்றான நல்ல இறைச்சியாகப் பார்த்துப் போட்டோமே என்று வியப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். அந்த நல்ல இறைச்சியே காரணம். எலும்போடு கூடிய இறைச்சியோ அளந்து சேர்த்த கால்சியம் கார்பனேட்டோ தவறாமல் தர வேண்டும்.

கோழியிறைச்சியில் கவனம் தேவை. 2004இல் தாய்லாந்தின் ஸ்ரீ ராச்சாவில் பறவைக் காய்ச்சல் தொற்றிய கோழியைத் தின்ற புலிகள் பெருமளவில் மடிந்தன. 2024 டிசம்பரில் நாக்பூரின் கோரேவாடா வனவிலங்கு மீட்பு மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் அதே நோய்க்கு இரையாயின. வட்டாரத்தில் நோய் இருக்கும்போது கோழியை நிறுத்திவிட வேண்டும்.

பூனைகளுக்குரிய மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியை ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறாம் வாரம்வரை போடுவது வழக்கம். உயிருள்ள நுண்மம் கொண்ட ஊசியைத் தவிர்த்து, செயலிழக்கச் செய்த நுண்மம் கொண்டதையே மருத்துவர்கள் விரும்புவார்கள். வெறிநோய் ஊசி அதற்குப் பிறகு. தெருநாய்களிடமிருந்து நாய்க்கடுங்காய்ச்சலும் (டிஸ்டெம்பர்), தெருப்பூனைகளிடமிருந்து குடல் அழற்சி நோயும் வரும் என்பதால், சுற்றுச்சுவரின் ஓட்டையை அடைப்பதும் ஒரு தடுப்பு மருத்துவமே. ஈக்களையும் அப்படியே கருத வேண்டும். 2000ஆம் ஆண்டு ஒடிசாவின் நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் 12 புலிகள் சில நாட்களுக்குள் இறந்தது, கடிக்கும் ஈக்கள் பரப்பும் டிரிபனோசோமா என்ற ஒட்டுண்ணியால்தான்.

வெளியே விடும் நாள்

மூன்று மாத அளவில், தடுப்பூசிகள் பெரும்பாலும் முடிந்த பின், குட்டிகளைத் தாயோடு திறந்தவெளி அடைப்பில் விடலாம். முந்தைய நாள் அடைப்பைக் குட்டியின் உயரத்தில் குனிந்து சுற்றி வாருங்கள். பெரிய புலிக்காகக் கட்டிய அகழிதான் குட்டிக்கு எமன். தண்ணீரை வடித்துவிடுங்கள், அல்லது ஏறிவர மரக்கட்டைகளைச் சாய்த்துவையுங்கள். கம்பி இடைவெளியில் குட்டியின் தலை நுழையுமா, வடிகால் வாய் மூடியிருக்கிறதா, மின்வேலி எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். முதல் நாள் ஒரு மணி நேரம், அதிகாலையில், பார்வையாளர் இல்லாதபோது விடுங்கள்.

இந்த வயதிலிருந்து எவரும் குட்டியோடு ஒரே இடத்தில் நிற்கக் கூடாது. நான்கு மாதக் குட்டி விளையாட்டாகப் பாய்ந்தாலும் மனிதக் கழுத்துக்கு அது விளையாட்டன்று. கதவைத் திறக்கும் முன் உள்ளே எத்தனை, வெளியே எத்தனை என்று இருவர் தனித்தனியே எண்ணி, உரக்கச் சொல்லி, இரண்டும் ஒத்த பிறகே பூட்டில் கை வைக்க வேண்டும். மூன்று குட்டிகளில் இரண்டைப் பார்த்துவிட்டு ‘மூன்றாவது அங்கேதான் எங்காவது இருக்கும்’ என்று நினைப்பதைப் போன்ற ஆபத்து இந்த வேலையில் வேறில்லை.

பிரித்தலும் அனுப்புதலும்

ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் தாயே குட்டிகளை விரட்டத் தொடங்கும். அப்போது பிரிக்கலாம். உடன்பிறந்த ஆணையும் பெண்ணையும் பருவமடைவதற்கு முன் வெவ்வேறு அடைப்புகளில் விட்டுவிட வேண்டும்.

குட்டிகள் காட்டுக்குப் போகுமா என்று பார்வையாளர்கள் கேட்பார்கள். பூங்காவில் பிறந்து மனித வாடைக்குப் பழகியவை போகா என்று நேராகவே சொல்லிவிடலாம். காட்டில் பிறந்து தாயை இழந்த குட்டிகளுக்கு மட்டும் அந்த வாய்ப்பு உண்டு. மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா புலிகள் காப்பகத்தில் தாயிழந்த இரு பெண் குட்டிகளைப் பெரிய அடைப்பில், மனிதத் தொடர்பைக் குறைத்து, இரைபிடிக்கப் பழக்கி வளர்த்து, முன்பு புலிகளே அற்றுப்போயிருந்த பன்னா காப்பகத்தில் 2011இல் விட்டார்கள். அவற்றுள் ஒன்று அந்த ஆண்டே குட்டி ஈன்றது. நம் பக்கத்தில், 2021இல் வால்பாறை அருகே முடீஸ் பகுதியில் காயத்தோடு மீட்கப்பட்ட குட்டிக்கு ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் மந்திரிமட்டத்தில் 10,000 சதுர அடியில் பயிற்சி அடைப்பு அமைக்கப்பட்டது. பூங்காவில் பிறந்த குட்டிக்குப் பெரும்பாலும் அடுத்த இடம் இன்னொரு பூங்காவே.

அந்தப் பயணத்துக்கு, பயணக்கூண்டை ஒரு மாதம் முன்பே இரவுக்கூண்டோடு இணைத்து, அதற்குள்ளேயே இரை வைத்துப் பழக்குங்கள். மயக்க ஊசி இல்லாமல் தானாக ஏறும் புலிக்கு இடர் குறைவு. தோலடியில் பொருத்திய மைக்ரோசிப் எண், பதிவேட்டு எண், தடுப்பூசி விவரம், பிறந்தது முதலான எடைக் கணக்கு, எந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்க்கும், எந்தக் கதவு ஓசைக்கு மிரளும் என்ற குறிப்பு ஆகியவற்றை உறையில் இட்டு உடன் செல்லும் காப்பாளரிடம் கொடுங்கள். பழைய படுக்கை வைக்கோலில் இரண்டு பிடியைப் பயணக்கூண்டில் போட்டுவிட்டு, பூட்டை இருவர் இழுத்துப் பார்த்த பிறகு வண்டி கிளம்பலாம்.